நாக்கின் தீர்ப்பும் தோலின் நிறமும்

திருச்சியிலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில், காவிரியின் வடகரையை ஒட்டிச் சென்றால், முசிறியைக் கடந்த பின் தொட்டியம் வரும். சாலையின் இருபுறமும் வாழைத்தோட்டங்கள். கொரம்பு, வாய்க்கால், வரப்பு என்று எங்கு திரும்பினாலும் வாழைதான். இவ்வூர்த் தார்கள் லாரிகளில் ஏறித் திருச்சி மண்டிக்கும், கேரளத்திற்கும், இன்னும் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் போகின்றன.

நீங்கள் கடைசியாக வாழைப்பழம் வாங்கியதைச் சற்று நினைத்துப் பாருங்கள். கடையில் தொங்கும் தாரைப் பார்த்தீர்கள். மஞ்சளாக, புள்ளியின்றி, பளபளப்பாக இருந்த ஒரு சீப்பைக் காட்டினீர்கள். கடைக்காரர் வெட்டிக் கொடுத்தார். பழத்தைத் தேர்ந்தெடுத்தது உங்கள் கண். தின்னப்போகும் நாக்கை யாரும் கேட்கவில்லை.

புத்தகத்திற்கு விமரிசனம் உண்டு. நாடகத்திற்கும் இசைக்கும் உண்டு. வாழைப்பழத்திற்கு ஏன் இருக்கக்கூடாது? இருக்கலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆனால் விமரிசனம் என்பது "எனக்குப் பிடித்தது, பிடிக்கவில்லை" என்று சொல்வதோடு நின்றுவிடக் கூடாது. பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிட வேண்டும். ஒப்பிடும் முறை நேர்மையாக இருக்க வேண்டும். இந்த முறையை அறிய முதலில் ஸ்காட்லாந்து வரை ஒருமுறை போய் வருவோம்.

பீப்பாயில் உறங்கும் ஆண்டுகள்

ஸ்காட்லாந்தில் "சிங்கிள் மால்ட்" என்றொரு விஸ்கி உண்டு. முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, ஒரே வடிசாலையில் வடிக்கப்படுவது இது. வடித்தவுடன் இது தண்ணீரைப் போல நிறமற்றது. அந்நாட்டுச் சட்டப்படி குறைந்தது 3 ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாயில் கிடந்த பின்னரே இதற்கு ஸ்காட்ச் விஸ்கி என்ற பெயர் கிடைக்கும். பலவற்றை 12, 18, 25 ஆண்டுகள்கூட வைத்திருப்பார்கள்.

ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில் செய்யப்படும் ஷெர்ரி என்ற திராட்சை மது முன்பு இருந்த பீப்பாய்களுக்குத் தனி மதிப்பு. அவற்றில் கிடந்த விஸ்கி செம்பழுப்பு நிறம் பெறும். உலர்ந்த திராட்சை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றின் மணங்கள் அதில் தெரியும் என்பார்கள். சுவைஞர்கள் இத்தகைய பழைய விஸ்கிகளை வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றி வைத்து, ஒன்றை முகர்ந்து, அடுத்ததை முகர்ந்து, பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

குடியைப் போற்றுவது நம் நோக்கமன்று. மதுபானங்கள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. பீப்பாயில் எத்தனை ஆண்டுகள் கிடந்தாலும் இந்த உண்மை மாறாது. ஆனால் அவர்களுடைய ஒப்பிடும் கலையிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அதைவிட, அவர்கள் செய்யும் தவறுகளிலிருந்து கற்க வேண்டியது மிகுதி.

முதல் தவறு, வயதை நம்புவது. 25 என்று சீட்டில் போட்டிருந்தால் 12-ஐ விட அது உயர்ந்தது என்று மனம் முன்பே முடிவு கட்டிவிடுகிறது. பீப்பாய்க்குள் நடப்பது என்ன? மரத்தின் லிக்னின் சிதைந்து வெனிலின், யூஜினால் போன்ற மணப்பொருள்கள் கரைகின்றன. கிராம்பின் மணத்திற்குக் காரணமானதும் இதே யூஜினால்தான். மரத்தின் டானின் இறங்குகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் மரத்தின் வழியாக மெல்ல உட்புகுந்து வேலை செய்கிறது. இவை ஓரளவு வரை நன்மை. அளவு மீறினால் மரக்கசப்பும் துவர்ப்பும் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஆகவே வயது ஏற ஏறச் சுவை ஏறிக்கொண்டே போகும் என்பது பொய். ஒரு உச்சம் உண்டு. அதன் பின் இறக்கம் உண்டு.

மேலும், ஓர் ஆண்டு என்பது எல்லா ஊரிலும் ஒரே அளவன்று. ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிறது. நம் பெங்களூரில் அம்ருத் என்ற வடிசாலை சிங்கிள் மால்ட் தயாரித்து 2004-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே விற்பனைக்கு இறக்கியது. பெங்களூரின் வெப்பத்தில் ஆண்டுக்கு 10 சதவீதத்திற்கு மேலும் இழப்பு ஏற்படுகிறது. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 100 லிட்டரில் ஆண்டுக்கு 2 சதவீதம் போனால் 25 ஆண்டுகளுக்குப் பின் சுமார் 60 லிட்டர் மிஞ்சும். ஆண்டுக்கு 10 சதவீதம் போனால் 8 ஆண்டுகளிலேயே 43 லிட்டர்தான் மிஞ்சும். வெப்பம் வேதிவினைகளையும் விரைவுபடுத்தும். எனவே 8 என்ற எண்ணையும் 25 என்ற எண்ணையும் மட்டும் வைத்து இவ்விரண்டையும் ஒப்பிடுவது, தையில் வைத்த கன்றையும் ஆடியில் வைத்த கன்றையும் நாள் எண்ணிக்கையால் மட்டும் ஒப்பிடுவது போன்றது.

இரண்டாம் தவறு, நிறத்தை நம்புவது. ஸ்காட்ச் விஸ்கியில் நிறத்திற்காகக் கருகிய சர்க்கரைச் சாயம் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. கறுத்திருந்தால் பழையது என்று நினைப்பவர் ஏமாறுவார். பிரான்சின் போர்டோ நகரில் நடந்த ஓர் ஆய்வு 2001-இல் வெளியாயிற்று. மதுவியல் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளைத் திராட்சை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு மதுவிற்கு வழங்கும் சொற்களாலேயே அதன் மணத்தை அவர்கள் வருணித்தார்கள்! பயிற்சி பெற்ற மூக்கையும் கண் ஏமாற்றிவிட்டது.

மூன்றாம் தவறு, பல காரணங்களை ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு, வேறுபாட்டை ஒன்றின் கணக்கில் எழுதுவது. ஷெர்ரியைப் பீப்பாயிலேயே கப்பலேற்றும் வழக்கம் 1980-களில் நின்றது. அதற்கு முன் பிரிட்டனுக்கு வந்திறங்கிய பீப்பாய்கள் வேறு. இன்று விஸ்கிக்கென்றே ஷெர்ரி ஊற்றிப் பழக்கும் பீப்பாய்கள் வேறு. 1960-களில் வடித்த ஒன்றையும் அண்மையில் வடித்த ஒன்றையும் அருகருகே வைத்துவிட்டு "பழையதே சிறந்தது" என்று ஒருவர் தீர்ப்பளித்தால், அது வயதின் வெற்றியா, பீப்பாயின் வெற்றியா? விடை கூற இயலாது.

இம்மூன்று தவறுகளையும் நினைவில் வைத்துக்கொண்டு நம் தொட்டியத்திற்குத் திரும்புவோம்.

பழத்திற்குள் நடப்பது

தாரை வெட்டும்போது காயின் சதையில் எடையில் ஐந்தில் ஒரு பங்கு மாவுப்பொருள். பழுக்கும்போது காயே எதிலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது. கனிகள் இவ்வாயுவை உண்டாக்குகின்றன என்பது 1934-இல் நிறுவப்பட்டது. நம் முன்னோர் எதிலீன் என்ற பெயரை அறியார். ஆனால் குழியிலோ அறையிலோ தாரை அடுக்கிப் புகைமூட்டம் போட்டால் சீராகப் பழுக்கும் என்பதை அறிந்திருந்தனர். புகையில் எதிலீன் உண்டு.

எதிலீன் பட்டதும் நொதிகள் விழித்தெழுகின்றன. மாவுப்பொருள் சர்க்கரையாகிறது. சதையைப் பிணைக்கும் பெக்டின் கரைவதால் பழம் குழைகிறது. டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகி நாக்கில் கரையாமல் போவதால் துவர்ப்பு அடங்குகிறது. தோலிலுள்ள பச்சையம் சிதைய, முன்பே அங்கிருந்த மஞ்சள் நிறமிகள் வெளித்தெரிகின்றன. இறுதியாக எஸ்டர்கள் என்னும் மணப்பொருள்கள் பிறக்கின்றன. இவற்றுள் தலையாயது ஐசோஅமைல் அசிடேட். வாழைப்பழ மணம் என்று நாம் அறிவது பெரும்பாலும் இதுவே. வேடிக்கை என்னவெனில், இளம் விஸ்கியிலும் இதே எஸ்டர் உண்டு. அதனால்தான் சுவைஞர்கள் அதில் "வாழைப்பழ மணம்" என்று எழுதுகிறார்கள். பழுத்த பழத்தில் யூஜினாலும் சிறிதளவு உண்டு. ஷெர்ரிப் பீப்பாயின் கிராம்பு மணமும் நம் பழத்தின் அடிமணமும் ஒருவகையில் உறவினர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மேற்சொன்ன மாற்றங்கள் தனித்தனி வேலைகள். எல்லாம் ஒரே வேகத்தில் நடக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கால்சியம் கார்பைடு வைத்தால் ஈரம் பட்டு அசிட்டிலீன் வாயு கிளம்பும். தோல் மஞ்சளாகிவிடும், ஆனால் முற்றாத காயாக இருந்தால் உள்ளே மாவும் துவர்ப்பும் அப்படியே இருக்கும். கார்பைடில் ஆர்சனிக் போன்ற நச்சுக்களும் கலந்திருக்கக் கூடும் என்பதால் அதைக் கொண்டு பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. அளவான எதிலீன் வாயுவுக்கு மட்டுமே அனுமதி.

தோல் எதிர்த்திசையிலும் ஏமாற்றும். கேவண்டிஷ் இனப் பழங்கள் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பழுத்தால் சதை கனிந்த பின்னும் தோல் பச்சையாகவே நிற்கும். நம் ஊர் வெயிலில் அவற்றுக்குப் பச்சைப்பழம் என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்!

வரிசையில் வைக்கும் விதி

சுவைத்து ஒப்பிட நான் எடுத்துக்கொண்டவை ஐந்து: பூவன், ரஸ்தாளி, ஏலரிசி, கற்பூரவல்லி, கேவண்டிஷ் இனமான பச்சைப்பழம். நேந்திரனைச் சேர்க்கவில்லை. தொட்டியத்தில் அது மிகுதியாக விளைந்தாலும், பழுத்த பின்னும் மாவு மிஞ்சியிருக்கும் இனம் அது. வறுவலுக்கும் அவித்துத் தின்னவும் ஏற்றது. ஓட்டக்காரர் வரிசையில் மல்லரை நிறுத்தலாகாது.

விதிகள் எளியவை. ஒரு தாரில் மேல் சீப்பு முதலில் முற்றும். கடைச் சீப்பு பின்தங்கும். ஆகவே எல்லா இனத்திலும் நடுச் சீப்பிலிருந்தே பழம் எடுக்க வேண்டும். எல்லாம் கனிந்த நிலையில் ஒத்திருக்க வேண்டும். குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. 13 டிகிரிக்குக் கீழே வாழைப்பழத்தின் தோல் கறுத்து மணம் கெடும். தோலை உரித்து, ஒரே அளவு வில்லைகளாக நறுக்கி, தட்டுக்கு எண் மட்டும் இட வேண்டும். தின்பவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிற்கும் இடையே ஒரு மிடறு தண்ணீர்.

ஐந்து தீர்ப்புகள்

பூவன்: இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. முதலில் புளிப்பு தொட்டு, பிறகு இனிப்பு வருகிறது. விழுங்கிய பின்னும் மணம் தங்குகிறது. சதையின் இறுக்கம் நடுத்தரம். கோயில் தட்டிலும் வெற்றிலைத் தட்டிலும் அன்றாடம் காண்பதால் இதை நாம் சாதாரணமாக நினைக்கிறோம். கண்ணை மூடினால் இது சாதாரணமன்று.

ரஸ்தாளி: ஐந்திலும் மணத்தில் முதலிடம் இதற்கே. இனிப்பு மென்மையானது, புளிப்பு ஒரு சாயல்தான். ஆனால் பொறுமையற்றவருக்கு இது தண்டனை தரும். அரைப்பழமாகத் தின்றால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். சில பழங்களின் நடுவே கல் போன்ற கட்டி இருக்கும். கனிந்துவிட்டால் காம்பிலிருந்து உதிரும். குறைகளோடு கூடிய மேதை என்று சொல்லத் தோன்றுகிறது.

ஏலரிசி: சிறிய பழம், மெல்லிய தோல். சதை சற்றே உலர்ந்து மாவாக உதிரும் தன்மை. இனிப்பு நேரானது; வளைவு நெளிவு இல்லை. நான்கு பழம் தின்ற பின்னும் திகட்டாது. ஆனால் பூவனுக்குப் பின் உடனே இதைச் சுவைத்தால் சற்று வெறுமையாகத் தோன்றும். வரிசையின் முறைகூடத் தீர்ப்பை மாற்றுகிறது என்பதற்கு இது சான்று. முறையை மாற்றி ஏலரிசியை முதலில் வைத்தபோது அதற்குரிய நீதி கிடைத்தது.

கற்பூரவல்லி: தோலின் மேல் சாம்பல் பூத்தாற்போன்ற மெழுகுப் படலம். இனிப்பில் ஐந்திலும் முதலிடம். தேன் போன்று கனமானது. ஒரு வில்லைக்கு மிக உயர்வு. முழுப்பழத்திற்குப் பின் நாக்கு வேறெதையும் கேட்கும் நிலையில் இருப்பதில்லை. ஒப்பீட்டு வரிசையில் இதனைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பதை அனுபவத்தில் கற்றேன்.

பச்சைப்பழம்: வழவழப்பான, குழைந்த சதை. ஐசோஅமைல் அசிடேட்டின் மணம் தெளிவாக வருகிறது. அதற்கு அப்பால் அதிகம் இல்லை. மிட்டாய்க்காரர் "வாழைப்பழ வாசனை" என்று விற்பதன் மூலம் இதுதான். குழந்தைக்கும் நோயாளிக்கும் நல்ல உணவு. பெரிய பழம், வயிறு நிறையும். ஆனால் நினைவில் நிற்கும் பழம் என்று சொல்வதற்கில்லை.

இவ்வேறுபாடுகள் எங்கிருந்து வந்தன? நம் வாழைகள் மூசா அக்குமினேட்டா, மூசா பால்பிசியானா என்ற இரு காட்டு இனங்களின் வழித்தோன்றல்கள். 1955-இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற அறிஞர்கள் முதலதை ஏ என்றும் இரண்டாவதைப் பி என்றும் குறித்து வகை பிரித்தனர். பச்சைப்பழம் ஏஏஏ, பூவனும் ரஸ்தாளியும் ஏஏபி, ஏலரிசி ஏபி, கற்பூரவல்லி ஏபிபி. பூவனுக்கும் ரஸ்தாளிக்கும் குறியீடு ஒன்றே என்றாலும் சுவை வேறு என்பதைக் கவனியுங்கள். குறியீடு குடும்பத்தைச் சொல்லும். குணத்தை நாக்குத்தான் சொல்ல வேண்டும்.

ஒரே சீப்பு, வெவ்வேறு நாள்

இனத்தை மாற்றி ஒப்பிட்டோம். இப்போது இனத்தை மாற்றாமல் வயதை மட்டும் மாற்றுவோம். ஒரே சீப்புப் பூவனை மஞ்சள் பிடித்த நாளிலிருந்து நாளுக்கு ஒன்றாகத் தின்று பாருங்கள். முதல் நாள் பழம் கண்ணுக்கு அழகு. வாயில் துவர்ப்பும் மாவும். தோலில் சிறு கரும்புள்ளிகள் தோன்றும் நாளில் இனிப்பும் புளிப்பும் மணமும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அதன் பின் புளிப்பு மங்கி, சதை குழைந்து, கடைசியில் நொதித்த வாடை தலைகாட்டும். உச்சம் ஓரிரு நாள்தான். பீப்பாயில் பல ஆண்டுகளில் நடக்கும் ஏற்ற இறக்கத்தை நம் வீட்டுப் பழம் ஒரு வாரத்திற்குள் காட்டிவிடுகிறது.

கரும்புள்ளி விழுந்த பழத்தை மலிவு விலைக்குத் தள்ளுகிறார்கள். பளபளக்கும் அரைப்பழத்திற்கு முழு விலை கொடுக்கிறோம். நம் கண் நம் நாக்கிற்குச் செய்யும் அநீதி இது.

இதில் என்ன நட்டம்?

"இது வெறும் ருசிச் சமாசாரம்தானே" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. வாங்குபவர் தோலை மட்டும் பார்த்தால், வியாபாரி தோலுக்கு மட்டும் விலை கொடுப்பார். வியாபாரி தோலுக்கு விலை கொடுத்தால், விவசாயி தோலுக்காகவே பயிரிடுவார். பெரிய தார், ஒரே அளவு, நீண்ட பயணம் தாங்கும் தோல் ஆகிய மூன்றும் உள்ள கேவண்டிஷ் இனம் திசு வளர்ப்புக் கன்றுகளாகத் தமிழ்நாடெங்கும் பரவியிருப்பது இதனால்தான். விவசாயி மேல் குற்றமில்லை. அவர் கடன் அடைக்க வேண்டும்.

ரஸ்தாளியின் நிலையைப் பாருங்கள். உதிரும் பழம் தொலைதூரச் சந்தைக்கு ஆகாது. அதோடு மண்ணில் வாழும் ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல் நோய்க்கு அது எளிதில் இரையாகிறது. பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். ஒருமுறை வந்த நிலத்தில் மீண்டும் ரஸ்தாளி வைக்க அஞ்சுவார்கள்.

உலகம் இதில் ஒரு பாடம் கற்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேல்நாட்டுச் சந்தை முழுவதையும் குரோ மிஷேல் என்ற ஒரே வாழை இனம் ஆண்டது. இவ்வாடல் நோய் மத்திய அமெரிக்கத் தோட்டங்களை அழிக்க, 1960-களுக்குள் அந்த இனம் வாணிபத்திலிருந்து மறைந்தது. அதன் இடத்திற்கு நோய் தாங்கும் கேவண்டிஷ் வந்தது. இப்போது கேவண்டிஷையும் தாக்கும் பூஞ்சை வகை ஒன்று ஆசியாவில் பரவி, பீகாரிலும் கண்டறியப்பட்டுள்ளது. ஒரே இனத்தை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

திருச்சிக்கருகே தாயனூரில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நூற்றுக்கணக்கான வாழை வகைகளைத் திரட்டி வளர்த்துப் பாதுகாக்கிறது. ஆராய்ச்சி நிலையம் ஒரு வகையை அழியாமல் காக்கலாம். அதை வயலில் வாழ வைப்பது தின்பவரின் நாக்குதான். கேட்பவர் இருந்தால்தான் பயிரிடுபவர் இருப்பார்.

நீங்களே சோதியுங்கள்

உங்கள் நாக்கு உண்மையிலேயே வேறுபாட்டை அறிகிறதா, அல்லது பெயரைக் கேட்டு அறிந்ததாக நினைக்கிறதா? இதைக் கண்டுபிடிக்க முக்கோணச் சோதனை என்றொரு முறை உண்டு. மூன்று வில்லைகள், இரண்டு ஒரே இனம், ஒன்று வேறு. கண்ணைக் கட்டிக்கொண்டு, வேறானது எது என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாக இருக்கும். ஆகவே ஒருமுறை வென்றால் பெருமைப்படாதீர்கள். நான்கு முறையும் தொடர்ந்து வெல்வது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு 81-இல் 1. அப்போது உங்கள் நாக்கை நம்பலாம்.

முதலில் பூவனையும் பச்சைப்பழத்தையும் வைத்துத் தொடங்குங்கள், இது எளிது. பிறகு ரஸ்தாளியையும் ஏலரிசியையும் வையுங்கள். மூன்றாவதாக, அதே சோதனையை மூக்கைப் பொத்திக்கொண்டு செய்யுங்கள். இனிப்பும் புளிப்பும் துவர்ப்பும் மட்டும் மிஞ்சும், பெயர்கள் மறைந்துபோகும். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, தொண்டையின் வழியே மூக்கிற்கு ஏறும் மணம் என்பது அப்போது விளங்கும்.

வகுப்பில் நான்கைந்து நண்பர்கள் சேர்ந்தால் ஒரு மாலைப் பொழுது போதும். செலவு ஒரு சீப்புப் பழத்தின் விலை. முடிவுகளை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது "மஞ்சளாக ஒரு சீப்பு" என்று கேட்காமல், இனத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ரஸ்தாளி இல்லை என்று கடைக்காரர் சொன்னால், எப்போது வரும் என்று கேட்டுவிட்டு வாருங்கள். நான்கு பேர் கேட்டால் அவர் மண்டியில் கேட்பார். மண்டிக்காரர் தொட்டியத்தில் கேட்பார்.